டிக்‌ஷனரி அக்கா எழுதிய 'அட்'

பஸ் ரிப்பேர் பட்டறையின் ஆபீஸ் அறையில் பதினாறு வருஷமாக டைப் அடித்துக்கொண்டிருந்தவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் டிக்‌ஷனரி அக்கா. லீவு லெட்டரோ, பிள்ளைகளின் பள்ளிக்கூட விண்ணப்பமோ, இங்கிலீஷில் எழுதவேண்டிய எதுவானாலும் மெக்கானிக்குகள் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு அவள் மேஜைக்குத்தான் வருவார்கள். மேனேஜரும் அவள் நீட்டுகிற காகிதத்தில் கண்ணை ஓட்டாமலேயே கையெழுத்துப் போடுவார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். சுருட்டை பஸ்ஸுக்கு அடியில் இருக்கும் குழியில் நின்றுகொண்டு, மேலே நின்ற நெட்டையிடம் ஸ்பேனர் கேட்டான். இரண்டு பேரும் மச்சான்கள். சுருட்டையின் தங்கையைத்தான் நெட்டை கட்டியிருந்தான். நெட்டை எப்போதும் போல ஸ்பேனரை எறிந்தான். எப்போதும் பிடித்துவிடுகிற சுருட்டை அன்றைக்குப் பிடிக்கவில்லை, யாரோ கூப்பிட்டார்கள் என்று அந்த நேரம் பார்த்துத் திரும்பிவிட்டான். புருவத்துக்கு மேலே நாலு தையல். ஆஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனவனே நெட்டைதான்.

விபத்து அறிக்கை அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அவள் ஆபீஸ் அறையில் இருந்ததால் எதையும் நேரில் பார்க்கவில்லை. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு நாலு வரி எழுதினாள். ஸ்பேனரை எறிந்தான் என்ற இடத்தில் மட்டும் விரல் ஒரு நொடி நின்றது. 'த்ரோ'வுக்குப் பின்னால் 'டு'வா, 'அட்'டா? பார்க்கிறதுக்கு 'லுக் அட்', சிரிக்கிறதுக்கு 'ஸ்மைல் அட்', அப்போது எறிகிறதுக்கும் 'அட்'தானே என்று முடிவுகட்டி அடித்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

எட்டாம் நாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார். கையில் தலைமை அலுவலகக் கடிதம். நெட்டை சக தொழிலாளியை ஆயுதத்தால் தாக்கியதாக உங்கள் அறிக்கையே சொல்கிறது, அதனால் அவனை உடனே வேலைநீக்கம் செய்கிறோம், போலீசில் புகார் கொடுப்பது பற்றி யோசித்து வருகிறோம் என்று எழுதியிருந்தது. நெட்டை ஏற்கெனவே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான்.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தாக்கினான் என்று நான் எங்கே எழுதினேன் என்று நகலைத் தேடி எடுத்தாள். திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு போனில் அந்த வார்த்தைகளைப் போட்டுப் பார்த்தாள். ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும் என்று எறிந்தால் 'டு'. அவர்மேல் படட்டும் என்று குறிவைத்து எறிந்தால் 'அட்'.

இரண்டே எழுத்து. அவள் ஃபைல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேனேஜரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. கீழே தன் கையெழுத்து இருப்பதால் கொஞ்ச நாள் ஆறப்போடலாமா என்று இழுத்தார். அவள் அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டு, பஸ் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கே போனாள்.

பாதுகாப்பு அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"அப்போ அன்னைக்கு எழுதினதும் பார்த்து எழுதலை, இன்னைக்குச் சொல்றதும் பார்த்துச் சொல்லலை. நான் எதை நம்பறது?"

அடிபட்டவனே கைப்பட எழுதிக் கொடுக்கட்டும், தமிழில் இருந்தாலும் சரி என்று அந்த அம்மாள் ஃபைலை மூடினார்.

இது ஒரு நிமிஷ வேலை என்று நினைத்துக்கொண்டுதான் அவள் சுருட்டையின் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே தூக்கிவாரிப் போட்டது. கூடத்தில் ஒரு பெரிய பை. பக்கத்தில் நெட்டையின் மனைவி, இடுப்பில் குழந்தை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. காலையில் பட்டறையில் விஷயம் கேள்விப்பட்டதும் சுருட்டை நேராகப் போய்த் தங்கையைக் கூட்டிவந்துவிட்டான்.

அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தப்பு என்னுடையது, இங்கிலீஷ் தப்பு, வேறொன்றும் இல்லை என்றாள். சுருட்டை கட்டுப் போட்ட நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, அவனைக் காப்பாத்தணும்னு நீங்க இப்படிச் சொல்றீங்க. உங்க எழுத்துல தப்பு வந்து நான் பார்த்ததே இல்லை."

"வந்திருக்குப்பா. இப்போ வந்திருக்கு."

"போன மாசம் இவளுக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சும் அவன் லேட்டா வந்தான்னு நான் கன்னாபின்னான்னு திட்டினேன். ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. ஸ்பேனர் எறிஞ்ச அன்னைக்கு நான் திரும்பிட்டேன். எறியும்போது அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பதினாறு வருஷம் சேர்த்துவைத்த நல்ல பேர், அந்த ஒரு தப்பை உண்மையாக்கி அவன் மனசுக்குள் உட்காரவைத்துவிட்டது. இல்லவே இல்லாத ஒரு கோபத்தை அவள் நெட்டையின் கையில் கொடுத்திருந்தாள்.

அப்போது தங்கைதான் வாயைத் திறந்தாள். "அண்ணா, தையல் போடும்போது உன் கையைப் பிடிச்சிட்டு நின்னது யாரு?"

சுருட்டை எழுந்து கொல்லைப்புறம் போனான். குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து, காகிதம் இருக்கா என்று கேட்டான். அவள் காகிதத்தோடு தன் பேனாவையும் நீட்டினாள்.

"நான் என்ன எழுதணும்னு நீங்க சொல்லாதீங்கக்கா," என்றான்.

கோணல்மாணலாக ஒரே வரி எழுதினான்: நான் கேட்டேன், மச்சான் கொடுத்தான், நான் பிடிக்கலை.

மறுநாள் அந்தக் காகிதத்தோடு அவளும் சுருட்டையும் போனார்கள். அதிகாரி படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். உத்தரவு ரத்தானது. அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மேனேஜருக்கும் ஒன்று.

தங்கை பையைத் தூக்கிக்கொண்டு அன்று சாயங்காலமே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மச்சான்கள் இருவரும் பேசிக்கொள்ளத்தான் செய்தார்கள். ஆனால் சுருட்டை வேறு குழிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வேலைக்குத் திரும்பிய அன்று நெட்டை அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று அவள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். அவன் திட்டவில்லை. மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லைக்கா. ஆனா ரெண்டு நாள் தனியா வீட்டுல உக்காந்திருந்தேன் பாருங்க. அறிக்கையிலயே அப்படி எழுதியிருக்குன்னாங்க. யோசிக்க யோசிக்க, ஒருவேளை கோவத்துலதான் எறிஞ்சேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். "இல்லைதானேக்கா?"

இல்லைப்பா, இல்லவே இல்லை என்றாள் அவள். ஆனால் அவள் எதையும் பார்க்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும். அவன் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனான். அவள் நின்றபடியே இருந்தாள்; உட்காரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.