ஒற்றக்காவின் சிவப்பு மை

ஒற்றக்காவுக்கு அந்த மாதத்துக் கதாநாயகனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவேண்டும்போல் இருந்தது.

பதினோரு வருஷமாக அவள் பிழை திருத்தி அனுப்பிய காதல் நாவல்களில் இப்படிப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல் வந்து போயிருந்தார்கள். எல்லோரும் ஆறடி உயரம். எல்லோருக்கும் சட்டென்று கண் சிவக்கும். எல்லோரும் முதலில் பிடிப்பது கதாநாயகியின் மணிக்கட்டைத்தான். ஆனால் இந்த ஆள் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் போனைப் பிடுங்கி, யார் யாரோடு பேசியிருக்கிறாள் என்று பார்த்தான். எண்பத்தேழாம் பக்கத்தில், அவள் வேலைக்கான நேர்முகத்துக்குக் கிளம்பிய காலையில், அவளை அறைக்குள் வைத்துக் கதவை பூட்டினான். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில், போனால் போகிறதென்று அவளை மன்னித்தான்.

'கதவை பூட்டினான்' என்றுதான் கையெழுத்துப் பிரதியில் இருந்தது. ஒற்றக்கா சிவப்புப் பேனாவால் நடுவில் ஒரு 'ப்' போட்டாள். அவளுக்குச் சம்பளம் அதற்குத்தான். அவன் பூட்டியது அவள் கணக்கில் வராது. 'ப்' இல்லாமல் பூட்டியதுதான் வரும்.

விட்டுப்போன ஒற்றெழுத்துகளைத் தேடித் தேடிப் போடுகிறவள் என்பதால் அந்தப் பதிப்பகத்தில் அவளுக்கு ஒற்றக்கா என்று பெயர். வயது முப்பத்தேழு. தங்கையும் தங்கை கணவரும் இருந்த வீட்டின் மாடி அறையில் இருந்தாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "மாசம் ஒருத்தனைப் பாக்கறேன், ஒருத்தனும் சரியில்ல" என்பாள்.

மனம் பொறுக்காத இடங்களில், தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏதாவது கிறுக்குவது அவள் வழக்கம். கொடுப்பதற்கு முன்னால் ரப்பர் வைத்து அழித்துவிடுவாள். அன்று பென்சில் உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுக்கச் சோம்பல். அதற்குள் ஆத்திரம் முந்திக்கொண்டது. போன் பிடுங்கிய இடத்தில், "போனைக் கொடுடா முதலில்!" என்று சிவப்பிலேயே எழுதினாள். கதவு பூட்டிய இடத்தில், "ஜன்னல் இருக்கிறதே, இறங்கிப் போ தாயே!" மன்னித்த இடத்தில், "நீ யார் மன்னிக்க?" அப்புறம் அடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை கணவர் போன் செய்தார். "அண்ணி, வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். அவ உங்களைத்தான் கேக்கறா." குரல் நடுங்கியது. பிரசவ வலி அவருக்கா தங்கைக்கா என்று சந்தேகம் வரும்படி இருந்தது. ஒற்றக்கா தாள்களை அப்படியே 'பக்கம்' என்கிறவரின் மேஜையில் வைத்துவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

கணினியில் பக்கம் கட்டுகிறவருக்கு அங்கே பக்கம் என்றுதான் பெயர். ஒற்றக்காவைவிட இரண்டு வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். சிவப்பில் இருப்பதைத் திரையில் ஏற்றுவார். சிவப்பில் இல்லாததைத் தொட மாட்டார். அலுவலகத்தில் முதலாளியிலிருந்து தபால்காரர் வரை எல்லோரும் அவளை அக்கா என்று கூப்பிட, அவர் ஒருவர் மட்டும் "ஏங்க" என்பார். இதை யாரும் கவனித்ததில்லை.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனே போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து நாள் லீவு முடிந்து, இனிப்புப் பெட்டியும் கையுமாக ஒற்றக்கா அலுவலகம் வந்தபோது, முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே புதிதாக அச்சான நாவல் விரித்துக் கிடந்தது.

"பொண்ணு சார்!" என்று பெட்டியை நீட்டினாள்.

"சந்தோஷம்க்கா. முதல்ல இதைப் படிங்க."

நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம். 'உன்னை மன்னித்துவிட்டேன்' என்றான் அவன், கண்கள் பனிக்க. 'நீ யார் மன்னிக்க?' என்றாள் அவள். பிறகு அவன் மார்பில் சாய்ந்து விம்மினாள்.

ஒற்றக்கா வேகவேகமாக எண்பத்தேழைப் புரட்டினாள். 'கதவைப் பூட்டினான். ஜன்னல் இருக்கிறதே, இறங்கிப் போ தாயே! அவள் கதவில் தலை வைத்துக் கதறினாள்.' ப் மிகச் சரியாக விழுந்திருந்தது.

"ஆறாயிரம் பிரதி," என்றார் முதலாளி. "கடைக்கெல்லாம் போயாச்சு." நெஞ்செரிச்சல் மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஏன்யா, ஒற்றக்கா குழந்தை பொறக்கற அவசரத்துல ஓடுச்சு. உனக்கு என்ன? படிச்சுப் பாக்க மாட்டியா?"

"படிச்சேன் சார்."

"படிச்சுமா போட்டே?"

"சிவப்புல இருந்துச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "நல்லாவும் இருந்துச்சு."

முதலாளி இன்னொரு மாத்திரையைத் தேடினார். ஒற்றக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாத நேரம் என்பதால் இருமலாக மாற்றிக்கொண்டாள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் கருத்துச் சொல்ல அலுவலகத் தொலைபேசி எண் போட்டிருக்கும். சாதாரணமாக மாதத்துக்கு இரண்டு அழைப்பு வந்தால் அதிகம். அதில் ஒன்று, தன் கவிதையைப் போடுவீர்களா என்று கேட்பதாக இருக்கும். அன்று பதினொரு மணிக்குள் ஒன்பது அழைப்புகள் வந்தன.

முதலில் ஒரு நர்ஸ். "எண்பத்தேழாம் பக்கத்தை வார்டுல சத்தமாப் படிச்சேங்க. தையல் போட்ட பேஷன்ட் எல்லாம் சிரிச்சு, டாக்டர் என்னைத் திட்டிட்டாரு. யாருங்க எழுதினது?" அடுத்து ஒரு பேருந்து நடத்துநர், அவர் மனைவி இப்போது எதற்கெடுத்தாலும் "நீ யார் மன்னிக்க?" என்கிறாளாம். புகார் சொல்கிறாரா பெருமைப்படுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவர் மட்டும், பண்பாடே கெட்டுப்போச்சு என்று கத்திவிட்டு வைத்தார்.

பத்தாவது அழைப்பை ஒற்றக்கா எடுத்தாள். மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். ரகசியம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினாள்.

"எனக்கு நிச்சயம் ஆயிருக்குக்கா. அவரு தினமும் சாயந்தரம் கடை வாசல்ல வந்து என் போனை வாங்கிப் பாப்பாரு. ஆசைலதான் பாக்கறாருன்னு நெனச்சுட்டிருந்தேன். கதையிலயும் எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க? உங்க நாப்பத்தொண்ணாம் பக்கத்தைப் படிச்சேன். நேத்து கையை நீட்டினாரு. நான் குடுக்கல."

"அப்புறம்?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. வீட்ல அம்மா திட்டினாங்க. ஆனா அக்கா, ராத்திரி நல்லாத் தூங்கினேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஒற்றக்கா போனை வைத்துவிட்டு, அலமாரியில் அடுக்கியிருந்த பழைய நாவல்களைப் பார்த்தாள். இந்தப் பதினோரு வருஷமும் எத்தனை ஆட்களுக்கு ஒற்றுப் போட்டு, அழகாக்கி, அனுப்பிவைத்திருக்கிறோம் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டாள். பக்கம் எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரை மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் இடத்துக்குப் போனார்.

எல்லோரும் பயந்தது எழுத்தாளருக்குத்தான். மறுநாள் மதியம் அவர் வருவதாகச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருஷமாகப் பதிப்பகத்தைத் தூக்கி நிறுத்தியவர். தபாலில்தான் கதை வரும், ஆளை ஒற்றக்கா பார்த்ததே இல்லை. நாவலைப் படித்தால் பட்டுடுத்திய பெரிய உருவம் ஒன்று மனதில் வரும். வந்ததோ, ஹெல்மெட்டோடு ஒரு சின்ன உருவம். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராம். கைவிரலில் ஏதோ அமிலக் கறை. அன்று முதல் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

"என் கதையில கை வெச்சது யாரு?"

ஒற்றக்கா எழுந்து நின்றாள். "நான்தாங்க. மன்னிச்சிடுங்க…" என்று ஆரம்பித்து, அந்த வார்த்தை வந்த இடம் சரியில்லை என்று நிறுத்தினாள்.

"நான் யாரும்மா மன்னிக்க?" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அவரே நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முதலாளிக்கு உயிர் வந்தது.

சிரித்து முடித்ததும் டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அவர் முதலில் எழுதிய நாவலில் கதாநாயகன் சாது. ஆறடியும் இல்லை. இப்போதைய முதலாளியின் அப்பா அதைத் திருப்பி அனுப்பி, 'இவனிடம் நெருப்பு இல்லை' என்று எழுதியிருந்தார். "சரி, நெருப்புத்தானே வேணும்னு வெச்சேன். பிடிச்சிக்கிச்சு. அணைக்க முடியல. இருபத்திரண்டு வருஷமா இந்தப் பாழாப்போனவனோட குடித்தனம் பண்றேம்மா. எனக்கே அவனைக் கண்டா ஆகாது. எங்க வீட்டுக்காரர் இப்படி ஒரு நாள் கதவைப் பூட்டியிருந்தா, நான் கதவோட சேத்து அவரையும் கழட்டியிருப்பேன்."

"அப்ப ஏன் மேடம் எழுதினீங்க?" என்றார் முதலாளி பரிதாபமாக.

"நீங்க ஏன் போட்டீங்க?"

முதலாளி இனிப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

அடுத்த நாவலை ஒற்றக்கா முன்கூட்டியே படிக்க வேண்டும் என்று டீச்சர் நிபந்தனை போட்டார். ஒற்றெழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. கதாநாயகனையும் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஆறு வாரம், சனிக்கிழமை மதியங்களில், பக்கத்தின் மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். அந்த மேஜைதான் பெரியது. சாப்பாட்டு டப்பாக்களுக்கு நடுவே அத்தியாயங்கள் கிடந்தன. ஏழாவது அத்தியாயத்தில் வண்டி நின்றுவிட்டது. கதாநாயகிக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது. கதாநாயகன் என்ன செய்வான்?

"பழைய ஆளா இருந்தா ஆர்டரைக் கிழிச்சுடுவான், நாலு பக்கம் ஓடிடும்," என்றார் டீச்சர். "கோபப்படாத ஆம்பளை என்னதான் பண்ணுவான்? எனக்கு மறந்தே போச்சு." பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்திடம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "கேப்பேன்."

"என்னன்னு?"

"போகணும்னு ஆசையா இருக்கான்னு."

"இருக்குன்னு சொன்னா?"

"பஸ் எத்தனை மணிக்குன்னு கேப்பேன். பெட்டி தூக்கணுமே."

டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு ஒற்றக்காவைப் பார்த்தார். ஒற்றக்கா ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியை மிகக் கவனமாகத் திருகிக்கொண்டிருந்தாள். மூடி ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

அன்று மாலை படியிறங்கும்போது டீச்சர் அவள் காதருகே கேட்டார். "ஏம்மா, ஊரே உன்னை அக்காங்குது. அவர் மட்டும் ஏன் 'ஏங்க'ங்கறாரு?"

"அப்படியா?" என்றாள் ஒற்றக்கா. ஆனால் வீடு போய்ச் சேரும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் ஏறாமல், தங்கை வீட்டுக் கதவைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வாசல் வரை போய்விட்டாள்.

நாவல் வெளிவந்தது. முதல் இரண்டு வாரம் சத்தமே இல்லை. முதலாளியின் மாத்திரை அட்டைகள் காலியாயின. கதாநாயகன் ஒரு அறைகூட விடவில்லையே என்று ஒரு கடைக்காரர் வருத்தப்பட்டார். மூன்றாவது வாரம் நர்ஸ் முப்பது பிரதி கேட்டார், ஆஸ்பத்திரி முழுக்க. நான்காவது வாரம் மறுபதிப்புப் போட வேண்டியதாயிற்று. மருந்துக்கடைப் பெண் மறுபடி கூப்பிட்டாள். நிச்சயம் நின்றுவிட்டது என்று அவள் சொன்ன விதத்தில், கேட்டவர்கள் கல்யாணம் நிச்சயமானதாகத்தான் நினைப்பார்கள். முதலில் திட்டிய அம்மா, இப்போது அந்த ஆளைத் திட்டுகிறாளாம்.

மறுபதிப்பு அச்சுக்குப் போன அன்று பக்கம் ஒற்றக்காவின் மேஜைக்கு வந்தார். கையில் தாள் எதுவும் இல்லை.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும். என்னைக் கல்யாணம் பண்ணிக்க உங்களுக்கு விருப்பமா?"

நூறு நாவல் படித்தவளுக்கு இதற்கு ஒரு வசனம்கூட நினைவுக்கு வரவில்லை. "ஒரு வாரம் டைம் குடுங்க. சொல்றேன்," என்றாள்.

"சரிங்க," என்று போய்விட்டார்.

தங்கையிடம் சொன்னாள். கேட்டு முடிப்பதற்குள் தங்கை துள்ளிக் குதித்தாள். மடியில் தூங்கிய குழந்தை எழுந்து அழுதது. "இதுக்கு ஒரு வாரம் எதுக்குடி அக்கா?" என்றாள். எதற்கென்று ஒற்றக்காவுக்கும் தெரியவில்லை. கேட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

ஒரு வாரமும் அவர் வாயைத் திறக்கவில்லை. வழக்கம்போல் வந்தார், பக்கம் கட்டினார், சாப்பிட்டார், போனார். திங்கட்கிழமை அவளுக்கு நிம்மதியாக இருந்தது. புதன்கிழமை சந்தேகம் வந்தது. வெள்ளிக்கிழமை 'கள்' விகுதியில் கோட்டை விட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. எட்டாம் நாள் மாலை, பேருந்து நிறுத்தத்தில் அவர் பக்கத்தில் போய் நின்று பொரிந்து தள்ளினாள்.

"ஏங்க, ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? என்ன ஆச்சுன்னு கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

"நீங்கதானே சொல்றேன்னீங்க."

"அதுக்காக?"

"தினமும் தோணுச்சு," என்றார் அவர். "காலையில ரெண்டு தடவை, மத்தியானம் நாலஞ்சு தடவை. சாயந்தரம் எண்ணல."

ஒற்றக்காவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "எனக்குச் சம்மதம்," என்றாள். நிறுத்தத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

அவர் தலையாட்டினார். "சரிங்க," என்றார். "ரொம்பச் சந்தோஷங்க," என்றார். அப்போது வந்து நின்ற பேருந்தில் மளமளவென்று ஏறிவிட்டார். அது அவர் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் போகும் பேருந்து.

"ஏங்க, அது உங்க பஸ் இல்ல!" என்று ஒற்றக்கா கத்தினாள்.

பேருந்து நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவர் சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பு அவரிடம் இருந்தது அவளுக்குத் தெரியாது. "அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்து வர்றேங்க!"

நிறுத்தத்தில் நின்ற ஒரு அம்மாள், "போம்மா, நீயும் போ," என்று அவளைச் செல்லமாகத் தள்ளிவிட்டாள். ஒற்றக்கா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பேருந்து போன திசையில் வேகவேகமாக நடந்தாள்.