சொன்ன விலை

என் வீட்டுக்காரர் பாவ் துவான் அதிகாரியானது எனக்குப் பிடிக்கவே இல்லை. இதை நான் யாரிடமும் ஒளித்ததில்லை, இப்போதும் ஒளிக்கப் போவதில்லை. பாதி ஆயுசு தானியமும் பட்டும் விற்று, ஊரில் எவனுக்கும் இல்லாத அளவுக்குக் களஞ்சியம் கட்டிய மனிதர், ஒருநாள் வடக்கு எல்லைப் படைக்கு வண்டி வண்டியாகத் தினையைச் சும்மா தூக்கிக் கொடுத்தார். சக்கரவர்த்தி மனம் குளிர்ந்து பெய்ச்சுவான் வட்டத்துக்கு இவரை அதிகாரியாக்கிவிட்டார். வெண்கல முத்திரை வந்தது, இடுப்பில் கட்ட நாடா வந்தது, கூடவே ஒரு எழுத்தரும் வந்து சேர்ந்தான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அவருக்கு முத்திரை மேல் ஆசை இல்லை. ஆசையெல்லாம் பட்டு மேல். வியாபாரிகள் பட்டு உடுத்தக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஊருக்கெல்லாம் பட்டு விற்றவர் தான் மட்டும் சணல் துணியில் திரிந்தார். அதிகாரியின் பட்டு அங்கியை முதன்முதலில் போட்டுக்கொண்டு, அதன் அகலமான கைகளை விரித்து விரித்துப் பார்த்தார்.

"இதப் பாரு ஜிங், இந்தக் கைக்குள்ள நாலு பேரு ஒரே நேரத்துல பேரம் பேசலாம்டி!"

எங்கள் தொழிலில் விலையை வாய்விட்டுச் சொல்வது கிடையாது. விற்கிறவனின் அங்கிக் கைக்குள் வாங்குகிறவன் கையை விடுவான். உள்ளே விரல்கள் ஒன்றையொன்று அழுத்தி விலை பேசும். வெளியே இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் கல்யாணமே அப்படிப் பேசி முடிந்ததுதான். என் அப்பா காய்ச்சலில் கிடந்த ஒருநாள் எங்கள் சணல் துணியை வாங்க இவர் வந்தார். பேரத்துக்கு நான் உட்கார்ந்தேன். அன்று அந்தத் துணி பெறாத விலையைக் கொடுத்தார், கையை வெளியே எடுக்க மனசில்லாமல். அதற்கப்புறம் வீட்டில் எங்களுக்குப் பேச்சென்றால் பேரம்தான். இன்னும் ஒரு கிண்ணம் கஞ்சி குடிக்க வைக்க வேண்டுமென்றால் மூன்று கிண்ணத்தில் ஆரம்பிப்பேன். அவர் அரைக் கிண்ணம் என்பார். சிரித்துச் சிரித்து ஒன்றுக்கு வந்து நிற்போம். அதைவிட இனிப்பாக எந்தப் புருஷனும் எந்தப் பெண்டாட்டியிடமும் பேசியிருக்க மாட்டான்.

நாங்கள் பெய்ச்சுவானுக்குப் போன வருடம் மழை பொய்த்தது. அடுத்த வருடமும் பொய்த்தது. தினைக் கதிர் பால் பிடிக்காமலே சருகாயிற்று. மதியமானால் ஊர் தரையிலிருந்து கொஞ்சம் மேலே எழும்பி மிதப்பது போலத் தெரியும். தெருவில் நடப்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே கால் இருக்காது, வெறும் கானல் மட்டும் இருக்கும். கழுதைகள் நின்றபடியே தூங்கின. எனக்குப் பல நாள் விழித்திருக்கிறேனா இல்லையா என்றே சந்தேகம். மழை வேண்டி ஊர்க்காரர்கள் தெற்கு வாசலை அடைத்தார்கள், சந்தையை இடம் மாற்றினார்கள், களிமண்ணில் பச்சை டிராகன் செய்து பிள்ளைகளை அதைச் சுற்றி ஆடவிட்டார்கள். களிமண் டிராகன் வெடித்துப் பொடியாகிப் போனதுதான் மிச்சம்.

பிறகு முணுமுணுப்பு கிளம்பியது. கடைக்காரன் கையில் முத்திரையைக் கொடுத்தால் வானம் எப்படிப் பெய்யும் என்றார்கள். இவர் காதிலும் விழுந்தது. மண் தெய்வத்தின் மேடைக்கு ஊரைக் கூட்டினார். நானும் போயிருந்தேன்.

ஹௌ என்ற கிழவர்தான் ஊருக்குப் பெரியவர், தினை விவசாயி. அவர் கைகூப்பி, "ஐயா, முன்னாடி இருந்த அதிகாரி எங்களுக்காக வெயில்ல தலையில துணியில்லாம நின்னாரு. நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "வர்ற அமாவாசைக்குள்ள மழை பெய்யலைன்னா, இதே மேடையில விறகை அடுக்கி என்னைக் கொளுத்திடுங்க!"

சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் விலையை யானை விலை குதிரை விலையாகச் சொல்லிவிட்டு, எதிராளி குறைத்துக் கேட்பதற்காகக் காத்திருக்கும் பார்வை அது. ஐயையோ, அவ்வளவெல்லாம் எதுக்கு ஐயா, மூணு நாள் பட்டினி கெடந்தா போதும் என்று எவனாவது சொல்வான், இவர் தாடியை எடுக்கிறேன் என்பார், கடைசியில் இரண்டு நாள் உபவாசத்தில் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

யாரும் குறைத்துக் கேட்கவில்லை. ஹௌ கிழவர் மண்ணில் விழுந்து நெற்றியைத் தரையில் வைத்தார். அவருக்குப் பின்னால் ஊரே விழுந்தது. எழுத்தர் ஷியே மூங்கில் பட்டையில் எழுதி முடித்து மையை ஊதிக் காய வைத்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை நான் அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தன்! ஒருத்தனாவது கொறைச்சுக் கேட்டிருக்கலாம்ல? அட, மரியாதைக்காவது கேக்கக் கூடாது?"

"நீங்க இன்னும் கடையில உக்காந்திருக்கறதா நெனப்பு" என்றேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "அதிகாரி வாயில வந்தா அது வெல இல்ல, கட்டளை. பட்டு போட்டுக்கிட்டா போதுமா? நாக்குக்கும் சேத்துல்ல போட்டிருக்கணும்!"

ஷியேயைக் கூப்பிட்டு மெல்ல ஆழம் பார்த்தார். "ஏம்ப்பா, அந்தக் கொளுத்தறதுங்கறதைக் கொஞ்சம் மாத்தி, தாடியை மட்டும் கொளுத்தறதுன்னு..."

"ஐயா, அரசாங்க வார்த்தைக்குப் பேரம் கிடையாது" என்றான் அந்தப் படித்த முண்டம். அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அதுதான் எனக்குப் பயத்தைக் கூட்டியது.

விறகு வர ஆரம்பித்தது. விரோதத்தோடு கொண்டுவந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். அவர்களோ கோயிலுக்குக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி இலந்தை மரக் கட்டைகளைச் சுமந்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு தறிக்காரன் தறியின் குறுக்குச் சட்டத்தையே கழற்றிக்கொண்டு வந்தான். ஹௌ கிழவர், தான் சாகும்போது வேண்டுமென்று பல வருடமாகப் பதப்படுத்தி வைத்திருந்த சவப்பெட்டிப் பலகைகளைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவந்தார்.

"ஐயாவுக்கு நல்ல மரமா இருக்கணும். கண்டதையும் போட்டுப் பொகைய விட்டா மரியாதையா?"

என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் பலகையைத் தட்டிப் பார்த்தார். "நல்ல வைரம் பாஞ்ச மரம்" என்றார். பிறகு அதன் மேலேயே வெகுநேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

வண்டி தயாராக இருக்கிறது, இன்றைக்கே கிளம்பிவிடலாம் என்று சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினார்.

"நானும் ஓடிடலாம்னுதான் இருந்தேன் ஜிங். ஆனா அந்தக் கிழவன் பலகைய கொண்டாந்து போட்டுட்டானே. யோசிச்சுப் பாரு. இத்தனை வருஷத்துல நான் சொன்ன மொத வெலைய எவனாவது நம்பியிருக்கானா? நீயே நம்பினதில்லை. இந்த ஊரே நம்பிடுச்சு. நம்பினவன எப்படிடி ஏமாத்தறது?"

அவர் மேல் எனக்கு அன்றைக்கு இருந்த பிரியம் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அமாவாசைக்கு முந்தின நாள் பிற்பகல், யாரிடமும் சொல்லாமல் வெளியே கிளம்பினார். நான் பின்னாலேயே போனேன். ஊருக்கு மேற்கே, குன்றின் மடியில் ஒரு குளம் உண்டு. ஆறே வற்றிப் போனாலும் அந்தக் குளம் மட்டும் கறுப்பாக, அசையாமல் இருக்கும். மழை டிராகன் அதற்குள் படுத்திருப்பதாகச் சொல்வார்கள். அதிகாரிகள் வந்தால் கரையில் விழுந்து கும்பிட்டு, விண்ணப்பம் படித்துவிட்டுப் போவது வழக்கம். இவருக்குக் கும்பிடவும் தெரியாது, படிக்கவும் வராது. கரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிர்க் கடைக்காரனைக் கேட்பது போலக் கேட்டார்.

"சரி, சொல்லுங்க. ஒரு மழை என்ன வெல?"

அங்கிக் கையோடு தன் கையைத் தண்ணீருக்குள் விட்டார். பட்டு மெல்ல விரிந்து, பெரிய தாமரை இலை போலக் குளத்தின் மேல் மிதந்தது. நான் நாணல் மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லை. தட்டான்கள் பறக்காமல் காற்றில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. முதலில் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு புருவம் உயர்ந்தது. தலையை ஆட்டினார், முடியாது என்று. வானத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். ஒரு தடவை பெரிதாகச் சிரித்தார், அநியாய விலை கேட்டால் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. தண்ணீருக்குள் யாரோ அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்குகிறார்கள் என்பது எனக்குத் தோளைப் பார்த்தே தெரிந்தது. அப்படி மும்முரமாக, அப்படி சந்தோஷமாக அவரை நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. குளம் எங்கே முடிகிறது, மாலை வெளிச்சம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் போன நேரத்தில் சிரிப்பு நின்றது. திரும்பி ஊர்ப் பக்கம் பார்த்தார். பிறகு தலையை மெதுவாக அசைத்தார், முடிந்தது என்று.

கையை வெளியே எடுத்தார். அங்கியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, "எவ்வளவுக்கு முடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது" என்றார். அவ்வளவுதான். ஒரு துடைப்பம் வாங்கினால்கூட எவ்வளவு குறைத்தேன் தெரியுமா என்று மூன்று நாள் பீற்றிக்கொள்கிற மனிதர்.

நாங்கள் ஊர் எல்லைக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. என்ன மழை! மனிதர்கள் வாயைத் திறந்தபடி தெருவில் நின்றார்கள். கழுதைகள் விழித்துக்கொண்டன. ஹௌ கிழவர் சேற்றில் உட்கார்ந்து குழந்தை மாதிரி கையால் அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஞாபகம் வந்து, "ஐயோ, பலகை நனைஞ்சா கோணிக்குமே!" என்று மேடையைப் பார்த்து ஓடினார். நான் என் புருஷனைக் கட்டிக்கொண்டு ஊர் பார்க்க அழுதேன். உயிரோடு இருக்கிறார், அது போதும் என்று நினைத்தேன்.

மழை விட்ட மறுநாள் சந்தைக்குப் போனோம். பூண்டுத்தாள் விற்கிற பெண் குறும்பாக ஒரு கட்டுக்கு ஒரு ஆட்டின் விலையைச் சொன்னாள். இவரைப் பேச வைத்துக் கேட்பதில் ஊருக்கே ஒரு குஷி. இவர் மடியிலிருந்து காசுக் கோவையை எடுத்து, அவள் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டு நடந்தார். அவள் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஐயா, வெளையாட்டுக்குச் சொன்னேன் ஐயா! கொறைச்சுக் கேளுங்க ஐயா!"

"நீ சொன்னதுதானேம்மா வெல?" என்றார், ரொம்பக் கனிவாக.

டிராகன் எதை வாங்கிக்கொண்டது என்று அங்கேயே எனக்குப் புரிந்தது.

ஊருக்கு இதில் பரம சந்தோஷம். இப்போதுதான் அசல் அதிகாரி ஆனார், சொன்னால் ஒரே சொல் என்றார்கள். ஷியே அவருக்கு முன்னால் இரண்டு மடங்கு வளைந்து நின்றான். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. வீட்டில் நான் மூன்று கிண்ணம் கஞ்சி என்றேன். "சரி" என்று சொல்லி, வயிறு முட்ட மூன்றையும் குடித்தார். வேண்டுமென்றே, எனக்கு ஒரு வண்டி நிறைய பட்டு வேண்டும் என்றேன். "சரி" என்றார். நான் மார்பில் அடித்துக்கொண்டேன்.

"ஏங்க, முடியாதுன்னு சொல்லுங்க! பாதி தர்றேன்னு சொல்லுங்க! ஏதாவது சொல்லுங்க!"

"எதுக்கு ஜிங்? உனக்கு அவ்வளவு வேணும், கேட்ட. நான் ஏன் கொறைக்கணும்?"

இந்த மாதிரி புருஷன் வேண்டுமென்று தவம் கிடக்கிற பெண்கள் இருக்கலாம். எனக்கு வீடே வெறிச்சோடிப் போயிற்று. அவர் கண்ணில் தெளிவு இருந்தது, அமைதி இருந்தது. என்னோடு மல்லுக்கு நிற்க அங்கே ஆள் இல்லை.

இலையுதிர் காலம் வரை பொறுத்தேன். பிறகு ஒரு பிற்பகல், அவருடைய பட்டு அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனேன். பனி போல ஏதோ ஒன்று தண்ணீர் மேல் படுத்திருந்தது. கரையில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன்.

"வாங்கினத திருப்பிக் கொடு. நீயே வெலையச் சொல்லு."

வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் விரல்கள் வந்தன. கிணற்றடிக் கல் போலக் குளிர்ந்த விரல்கள், ஆனால் சாமர்த்தியமான விரல்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு விரலே போதும், எதைக் கேட்கிறார்கள் என்று புரிந்துவிடும். என் ஐந்து விரலையும் சேர்த்து மடக்கிப் பிடித்தது. அவரோடு எனக்கு மிச்சமிருக்கிற வருடங்கள் அத்தனையும் வேண்டுமாம்.

நான் சிரித்தேன். சுண்டு விரலை மட்டும் நீட்டினேன், ஐந்தில் ஒரு பங்கு. அது நான்குக்கு இறங்கியது. நான் ஒன்றிலேயே நின்றேன். அது என் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. என் இதயம் அடித்துக்கொள்வது அந்த விரல்களுக்குக் கேட்டிருக்கும். ஐந்தையும் கொடுத்துவிடு, எப்படியாவது அவரை மீட்டுவிடு என்று உள்ளே கதறிக்கொண்டிருந்தேன். முகத்தில் காட்டவில்லை.

கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு எழுந்தேன்.

"இந்த வெலைக்கு எனக்கு வேண்டாம். பக்கத்து வட்டத்துலயும் குளம் இருக்கு, அங்க பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அங்கியை உதறி, திரும்பி நடந்தேன்.

மெதுவாகத்தான் நடந்தேன். நாணலைத் தாண்டினேன். குன்றின் நிழலைத் தாண்டினேன். பின்னால் தண்ணீர் அசைகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் விலை ஏறிவிடும்.