சுண்ணாம்பு நீர் மாறவில்லை

1

இந்தக் கதை என்னுடையதல்ல, திருடியது. என் அண்ணன் மனைவியிடமிருந்து திருடினேன். அண்ணி உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் கை காயக் காய உட்கார்ந்திருந்தபோது, "கூட வேலை பார்த்த ஒரு டீச்சருக்கு நடந்தது" என்று ஆரம்பித்தார். கூட வேலை பார்த்தவருக்கு நடந்ததை யாரும் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல மாட்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. நாத்தனாருக்கு அண்ணி மேல் சந்தேகம் வருவது புதிதா என்பீர்கள். சரி, புதிதில்லை.

எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா எழுதினதை எங்கிட்ட காட்டணும்" என்றார். காட்டினேன். அவருடைய ஆட்சேபங்களை ஆங்காங்கே நட்சத்திரக் குறி போட்டுச் சேர்த்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஆய்வகத்தில் அமிலத்தின் நெடி ஒரு பழைய ரகசியத்தைப் போல..."

(வேண்டாம். நெடி நெடியாகவே இருக்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: "வேதியியல் டீச்சர் நேர்மையானவர்."

(எடுத்த எடுப்பிலேயே ஒருத்தரை நேர்மையானவர் என்று சொன்னால், இவர் ஏதோ தில்லுமுல்லு செய்யப் போகிறார் என்றுதானே படிப்பவருக்குத் தோன்றும்.)

மூன்றாவது: "அன்று லேப் உதவியாளர் லீவு." இது நிற்கும்.*

* அண்ணி: "லீவுங்கிறதை அழுத்திச் சொல்லு. பாவம், அந்த மனுஷன் மேல யாரும் பழி போடக் கூடாது."

3

அன்று லேப் உதவியாளர் லீவு. அதனால் செய்முறைத் தேர்வுக்கு வேண்டியதையெல்லாம் டீச்சரே எடுத்து வைத்தார். அவர் தற்காலிக வேலையில் இருந்தவர். வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் தலைமை ஆசிரியரின் மேஜையில் கிடந்தது. "கையெழுத்துதானே, போட்டுடலாம். இந்தத் தேர்வு மட்டும் வில்லங்கம் இல்லாம முடியட்டும்" என்று அவர் சொல்லியிருந்தார். வில்லங்கம் என்ற சொல்லைத் தலைமை ஆசிரியர்கள் சும்மா எடுப்பதில்லை.

கேள்வி எளிதுதான். ஒரு வெள்ளைத் தூள் கொடுப்பார்கள். அதில் நீர்த்த அமிலத்தை ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். வரும் வாயுவை ஒரு குழாய் வழியாகச் சுண்ணாம்பு நீருக்குள் விட வேண்டும். தெளிவாக இருந்த நீர் பால்போல் மாறினால், தூளில் கார்பனேட் இருக்கிறது. இந்த வரியை மனப்பாடம் செய்யாமல் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்ததில்லை.

தேர்வு முடிந்து பிள்ளைகள் போனதும், மிச்சமிருக்கும் சுண்ணாம்பு நீரை அலமாரியில் ஏற்றி வைக்க டீச்சர் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கேனைத் தூக்கினார். கனத்தது. மூடியைத் திறந்தார். விளிம்பு வரை நிறைந்திருந்தது, ஒரு துளிகூடக் குறையவில்லை. பக்கத்தில் இருந்த, அச்சு அசலாக அதே மாதிரியான இன்னொரு கேன்தான் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அதில் இருந்தது காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர்.

டீச்சர் இரண்டு கேன்களையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் அவசரத்தில் பிள்ளைகளின் குப்பிகளில் எல்லாம் அவர் நிரப்பியது வெறும் தண்ணீர். அதற்குள் அந்த வாயுவை எவ்வளவு நேரம் விட்டாலும் குமிழி வரும், அவ்வளவுதான். பால்போல் மாறாது.

4

விடைத்தாள்களைப் பிரித்தார். முதல் தாள்: 'சுண்ணாம்பு நீர் பால்போல் மாறியது.' இரண்டாவது: 'பால்போல் மாறியது.' அடுத்த பையன் ஒரு படி மேலே போய், 'அடர்த்தியான பால்போல்' என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி சோதனைக் குழாயைப் படமாக வரைந்து, உள்ளே வெள்ளைக் கலர் பென்சிலால் தீட்டியும் இருந்தாள். மொத்த வகுப்பும் வெறும் தண்ணீரில் பால் கறந்திருந்தது.*

* அண்ணி: "இந்த வரியை எடு. பசங்களைக் கேலி பண்ணாதே. மாறலைன்னு எழுதினா மார்க் போயிடும்னு அவங்களுக்குத் தெரியும். அதைப் பழக்கிவிட்டது யாரு?"

(யார் என்று கேட்டேன். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அடுப்பு அணைந்துதான் இருந்தது. வரியை நான் எடுக்கவில்லை.)

ஒரு தாள் மட்டும் வேறு. வகுப்பில் எல்லாரும் 'நத்தை' என்று கூப்பிடும் பெண்ணின் தாள் அது. எதையும் ஆற அமரச் செய்பவள். எந்தத் தேர்விலும் மணி அடித்த பிறகு பேப்பரைப் பிடுங்கித்தான் வாங்க வேண்டும். அவளும் முதலில் 'பால்போல் மாறியது' என்றுதான் எழுதியிருந்தாள். பிறகு அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தாள்: 'மாறவில்லை. எனவே கார்பனேட் இல்லை.'

விடைக் குறிப்பின்படி இதற்கு மார்க் கிடையாது. மார்க் இல்லையென்றால் அவள் பாஸ் இல்லை. பாஸ் இல்லையென்றால் அடுத்த வருடம் அறிவியல் பிரிவில் இடம் இல்லை. கண்ணால் கண்டதை எழுதிய ஒரே பிள்ளைக்கு இந்தக் கதி.

5

டீச்சருக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம். முதலில் எழுதியதை ஏன் அடித்தாள்? அவள் உட்கார்ந்தது ஸ்டோர் ரூம் கதவை ஒட்டிய மேஜை. எந்தக் கேன் குறைந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்திருப்பாளோ? பார்த்துவிட்டுத்தான் அடித்தாளோ? நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் நிற்பாளோ?

எனக்கோ நத்தை மேலேயே சந்தேகம். வகுப்பே பொய் எழுதும்போது ஒருத்தி மட்டும் உண்மை எழுதுவது கதைக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது. அண்ணி இட்டுக்கட்டியிருப்பார் என்று நினைத்து, இவளை நீக்கிவிட்டு ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். ஆனால் அவளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அண்ணியின் குரல் இறங்கியது. இட்டுக்கட்டிய ஆளுக்காக யாருக்கும் குரல் இறங்காது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.

6

"டீச்சர், உள்ள வரலாமா?"

வாசலில் நத்தை, தோளில் பையோடு. டீச்சர் சட்டென்று விடைத்தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

"வீட்டுக்குப் போகலியா நீ?"

"போகணும் டீச்சர். வெளியில எல்லாரும் பேசிக்கிட்டாங்க. எல்லாருக்கும் மாறியிருக்கு. எனக்கு மட்டும்தான் மாறல."

"முதல்ல மாறுச்சுன்னு எழுதிட்டு அப்புறம் ஏன் அடிச்சே?"

"நேரம் பத்தாதுன்னு, செய்யறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிட்டேன் டீச்சர். அப்புறம் குழாயை விட்டுப் பார்த்தா மாறல. பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்பவும் மாறல."

"ஸ்டோர் ரூம் பக்கம் போனியா?"

"இல்லியே டீச்சர். எதுக்கு?"

டீச்சர் அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். கள்ளம் எதுவும் தெரியவில்லை. தெரியாதது இன்னும் பயமாக இருந்தது.

"நான்தான் ஏதோ தப்பா செஞ்சிருப்பேன்" என்றாள் நத்தை. "இல்லேன்னா என் கண்ணுலதான் ஏதோ கோளாறு. இன்னொரு தடவை செஞ்சு பார்க்கட்டுமா டீச்சர்? மாறினா, மாறுச்சுன்னு திருத்தித் தந்துடறேன்."

டீச்சர் சரி என்றார். கழுவிய குழாய் ஒன்றை அவளிடம் கொடுத்தார். அவளுக்குக் குப்பியில் ஊற்றிக் கொண்டுவர ஸ்டோர் ரூமுக்குள் போனார். இரண்டு கேன்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

7

முடிவு ஒன்று. டீச்சர் நிஜமான சுண்ணாம்பு நீரை ஊற்றிக் கொண்டுவருகிறார். பால்போல் மாறுகிறது. நத்தை அசடு வழியச் சிரித்து, திருத்தித் தருகிறாள். அவளுக்கு மார்க், டீச்சருக்கு வேலை, தலைமை ஆசிரியருக்கு நிம்மதி. யாருக்கும் நஷ்டமில்லை. இனிமேல் அவள் தன் கண்ணை நம்ப மாட்டாள் என்பதைத் தவிர.

முடிவு இரண்டு. டீச்சர் இரண்டு கேன்களையும் வெளியே தூக்கி வருகிறார். "நீ பார்த்ததுதான் சரி. நான்தான் மாத்தி ஊத்திட்டேன்" என்கிறார். பிறகு எல்லாருக்கும் மறுதேர்வு. பொய் எழுதியது அம்பலமான பிள்ளைகள், வாசலில் கூடிய பெற்றோர், கையெழுத்தாகாத காகிதம்.

முடிவு மூன்று. டீச்சர் மறுபடியும் அந்த வெறும் தண்ணீரையே

(இதை எழுத மனசு வரவில்லை.)

இரண்டாவதை விரித்து எழுத உட்கார்ந்தேன். மளமளவென்று ஓடியது. டீச்சர் அழுதார், நத்தையும் அழுதாள், தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படித்துப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. இது எதையும் அண்ணி சொல்லவில்லை. கதை எப்படி முடிந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் எழுதினேன். 'அடர்த்தியான பால்போல்' என்று எழுதிய பையனை இனி நான் எந்த முகத்தோடு கேலி செய்வது? எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

8

அண்ணியிடமே போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த டீச்சர் எந்தக் கேனை எடுத்தாங்க அண்ணி?"

"அந்தப் பொண்ணு பாஸாயிட்டா."

"அதை நான் கேக்கல."

"அறிவியல் பிரிவுலயே சேர்ந்தா. போதுமா?"

"டீச்சருக்கு வேலை நிரந்தரமாச்சா?"

மடித்து முடித்த சட்டையை உதறி, மறுபடி முதலிலிருந்து மடித்தார். "ஆச்சு. அந்தத் தலைமை ஆசிரியர் ஒண்ணும் மோசமான மனுஷர் இல்ல."

"அப்படின்னா அவர்கிட்ட சொல்லிட்டாங்களா?"

"நீ கதைதானே எழுதறே? உனக்குப் பிடிச்ச மாதிரி எழுதிக்கோ."

பிடித்த மாதிரி எழுதத்தான் கை துறுதுறுக்கிறது. ஆனால் பெண் பாஸ், டீச்சர் நிரந்தரம் என்ற இரண்டு தகவலையும் வைத்துக்கொண்டு முதல் முடிவையும் எழுதலாம், இரண்டாவதையும் எழுதலாம். ஸ்டோர் ரூமுக்குள் நான் இல்லை. அதனால் நிறுத்திக்கொள்கிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், முடிவை நீங்கள் எழுதுங்கள். நீங்களும் அங்கே இல்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.*

...

...

* அண்ணி, இதுவரை படித்துவிட்டுக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தபோது: "அடுத்த வாரமே அவங்கப்பா அவளைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். கண்ணுல ஒரு குறையும் இல்லையாம். எங்கிட்டதான் வந்து சொன்னா."