துளைக்குள் விழுந்த பால்

சுரங்கத்தின் கழிவுக் குட்டைக்குக் கீழே, சரிவில், கண்காணிப்புக் கிணற்றுக்குத் துளை போட்டு முடித்திருந்தார்கள். குழாய் இறக்கி, அதன் அடியைச் சுற்றி மணலும் நிரப்பியாயிற்று. இனி களிமண் உருண்டைகளைப் போட்டு மேலே அடைக்க வேண்டும். பனி உருகும் நீர் குழாயோரமாக உள்ளே இறங்கிவிடக் கூடாது. கிணற்று வேலையை மேற்பார்க்கும் புருல், களிமண் மூட்டையை எடுக்க வண்டிக்குப் போனாள்.

இந்தக் கிணற்றுத் தண்ணீரில் குட்டைக் கசிவு இல்லையென்று ஆய்வுக்கூடம் சொன்னால்தான் கீழ்ச்சரிவை மேய்ச்சலுக்குத் திறப்பார்கள். அவளுடைய அண்ணன் மாமசாலியின் ஆடுகள் அடிவாரத்தில் புல்லை வேர்வரை கடித்துவிட்டுக் காத்துக் கிடந்தன.

திரும்பி வந்தபோது அண்ணனின் குதிரை நின்றது. அவன் குழாய் வாயில் தோல்பையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான். கடைசிச் சொட்டு வெள்ளையாக விழுந்தது. துளை போடும் குபாத் இரு கைகளாலும் முகத்தைத் தடவி வேண்டுதலை முடித்துக்கொண்டான்.

"என்னண்ணே பண்றே?"

"புதுத் தண்ணி கண்டா வெள்ளை ஊத்தணும்ல? உங்க ஆளுங்க ஒருத்தனுக்கும் தோணாதுன்னு நானே கொண்டாந்தேன். இந்த வருசத்து முதல் குதிரைப்பால்."

"பூமிக்கு மட்டும் ஊத்துனாரு, எனக்கு ஒரு வாய் குடுக்கல," என்று சிரித்த குபாத், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

புருல் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். வேறு யாராவது செய்திருந்தால் கத்தியிருப்பாள். இவன் கெடுக்க வரவில்லை. தண்ணீர் நல்லதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஊற்றியிருக்கிறான். அதை எந்த வார்த்தையால் திட்டுவது?  

"இது குடிக்கிற கிணறில்லண்ணே. பால் மணல்ல ஒட்டிக்கிட்டு அழுகும். சோதனையில கெட்ட தண்ணின்னு வரும்."

"இறைச்சுக் கொட்டிடுவோம்."

"எவ்வளவு இறைச்சாலும் கொஞ்சம் தங்கும். அப்புறம் குட்டையிலேர்ந்து கசிஞ்சது எது, உன் பால் எதுன்னு யாரு பிரிச்சுச் சொல்றது?"

"பேசாம விட்டுடேன். நல்லதாக்கூட வரலாம்."

"வந்தாலும் நான் நம்ப மாட்டேன். நம்பாத தண்ணி ஓடுற சரிவுல எப்படி உன் ஆட்டை மேய விடச் சொல்வேன்?"

 மாமசாலி அடிவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புருல் எழுந்தாள். "குபாத், இதை அடியிலேர்ந்து சிமெண்டால மூடிடுவோம். கொஞ்சம் தள்ளி, பால் ஏறாத மேட்டுப் பக்கமா வேற போடலாம். ஆபீசுக்கு நான் சொல்றேன், நடந்ததை நடந்தபடி."

"அப்ப இந்த வாரமும் வீட்டுக்குப் போகல. என் மாமியாருக்குத்தான் கொண்டாட்டம்," என்று குபாத் கலவை இயந்திரத்தை முடுக்கினான்.

"அதுவரைக்கும் என் ஆடுங்க?" என்றான் மாமசாலி.

"பாதிய வித்துடுண்ணே. வேற வழி எனக்குத் தெரியல."

அவன் குதிரையேறிப் போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். போகவில்லை. சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு சிமெண்டு மூட்டையைத் தோளில் தூக்கினான். சாம்பல் நிறக் கூழ் மெல்ல மேலேறிக் குழாய் வாயில் ததும்பியது.

"முடிஞ்சுதா?"

"இல்லண்ணே. அமுங்கும். இருந்து மறுபடி நிரப்பணும்."

தலையாட்டிவிட்டு அவளருகே உட்கார்ந்தான்.