ஸ்பீக்கர் பெட்டிக்குப் போன ஆயிரத்து இருநூறு

காவாந்தண்டலம் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரிந்தால்தான் டேனியல் செய்த வேலையின் அழகு புரியும்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைந்ததில் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். பூசணி, வாழைத்தார், அரிசி, முட்டை, எது வேண்டுமானாலும். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். இங்கே கேட்கிற விலைக்கும் கடைத்தெரு விலைக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு தேங்காய் முந்நூறுக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பவும் காணிக்கையாக நீட்டுவார். மறுபடி ஏலம், மறுபடி முந்நூறு. அந்தத் தேங்காய் சட்னியாவதற்குள் சபைக்கு ஒரு மின்விசிறி வந்துவிடும். கொடுத்தவரே தன் பொருளை ஏலம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் உண்டு. காணிக்கையும் கொடுத்தாயிற்று, பூசணியும் வீட்டில் இருக்கும்.

டேனியல் இந்தக் கடைசி வழக்கத்தை நம்பித்தான் இறங்கினான்.

கட்டடங்களில் சென்ட்ரிங் பலகை அடிக்கிற வேலைக்குப் போகிறவன் அவன். பண்டிகையன்று காலை கொண்டுபோக வீட்டில் ஒன்றும் இல்லை. முருங்கை அப்போதுதான் பூ விட்டிருந்தது. மனைவி சுகிர்தா பாடகர் குழுவில் இருக்கிறவள் என்பதால் முன்னாடியே கிளம்பிப் போயிருந்தாள். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வாசலில் நின்றவனின் கண்ணில் கலெக்டர் பட்டது.

கலெக்டர் சுகிர்தாவின் சேவல். காலை பத்து மணிக்கு முன்னால் கூவாது. அதனால் அந்தப் பெயர். தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோன பிறகு, குஞ்சாக இருந்த அதைப் பழைய பானைக்குள் துணி விரித்து வளர்த்தவள் அவள். 'முந்நூறு ரூபாய்க்குக் கேட்டு நாமே எடுத்துவிடலாம், இவளுக்குத் தெரியவே போவதில்லை' என்று டேனியல் கணக்குப் போட்டான். பாடகர் குழு உட்காருவது பீடத்துக்குப் பக்கத்தில்தான் என்பது அந்தக் கணக்கில் விட்டுப்போயிற்று.

சபைப் பொருளாளர் ஞானதாஸ், கால் கட்டிய சேவலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். ஏலத்துக்கு இடையிடையே பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. சுகிர்தாவின் வாய் பாட்டின் நடுவிலேயே நின்றது. கண் மட்டும் வரிசை வரிசையாகத் தேடி டேனியலைக் கண்டுபிடித்தது.

"முந்நூறு!" என்றான் டேனியல், அவசரமாக.

"நானூறு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணிக் கடை வைத்திருக்கிற தமிழ்வாணன், விருந்தாளியாக வந்திருந்தவர். அவர் சேவலின் முகத்தைப் பார்க்கவில்லை. தொடையைப் பார்த்தார்.

ஐந்நூறு, எழுநூறு, ஆயிரம் என்று ஏறி, தமிழ்வாணன் ஆயிரத்து நூற்றைம்பதில் பெருமூச்சு விட்டு நின்றார். ஆயிரத்து இருநூறுக்குச் சேவல் டேனியலுக்கு. அவன் வங்கிக் கணக்கில் இருந்ததே ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம்தான்.

பணம் கட்ட ஒரு க்யூஆர் அட்டையைப் பிரசங்கப் பீடத்தின்மேல் தொங்கவிட்டிருந்தார்கள். முன்னால் ஒரே கூட்டம். டேனியல் நின்ற இடத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில், அதேபோல் ஒரு கட்டம்போட்ட சதுரம் இருந்தது. கறுப்பு ஸ்பீக்கர் பெட்டியின்மேல். அவன் அதை ஸ்கேன் செய்தான். யாருக்குப் போகிறது என்ற பெயரை ஆப் ஒழுங்காகத்தான் காட்டியது. ஆனால் டேனியல் அந்த நேரத்தில் சுகிர்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரகசிய எண்ணை அழுத்தினான். பச்சை டிக் வந்தது.

"வரலியே டேனியலு" என்றார் ஞானதாஸ், சபையின் போனைப் பார்த்து.

"போய்ச்சிண்ணா. இதோ, டிக்கு கீது பாரு."

ஞானதாஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "வேதகிரின்னு போட்டுக்கீது. எவன்டா அவன்? நம்ம சபையில வேதகிரின்னு ஆரு கீறா?"

யாரும் இல்லை. ஆனால் ஸ்பீக்கர் பெட்டியில் இருந்தார். 'வேதகிரி சவுண்ட் சர்வீஸ், மாகறல்' என்று அந்தக் கட்டம்போட்ட ஸ்டிக்கரின் அடியில் எழுதியிருந்தது. மைக்செட்டுக்காரர் என்றே கூப்பிட்டுப் பழகியதில் ஞானதாஸுக்குப் பெயர் சட்டென்று பிடிபடவில்லை. காலையில் செட்டைக் கட்டிவிட்டு வேறொரு விசேஷத்துக்குப் போயிருந்தார். மாலையில் வந்து கழற்றுவார்.

"கேன்சல் பண்ணுய்யா" என்றாள் சுகிர்தா. அதற்குள் பாடகர் பெஞ்சிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

டேனியல் போனில் எல்லா இடத்திலும் தொட்டுப் பார்த்தான். கேன்சல் என்று ஒரு பொத்தானே இல்லை. அது இல்லாததற்குக் காரணம் உண்டு. இந்த ஆப் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள் இல்லை, வெறும் தூதுதான். நம் வங்கியிடம் 'இவர் கணக்கில் இவ்வளவு கழி' என்கிறது. அந்த வங்கியிடம் 'அவர் கணக்கில் இவ்வளவு கூட்டு' என்கிறது. ரெண்டு பேரும் ஆயிற்று என்று சொன்ன பிறகுதான் பச்சை டிக். அதாவது டிக் வரும்போது வழியில் எதுவுமே இல்லை. ஓடுகிற பஸ்ஸை மறிக்கலாம், போய்ச் சேர்ந்துவிட்ட பஸ்ஸை எப்படி மறிப்பது? வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். நம் வங்கி அந்த வங்கியைக் கேட்கும், அந்த வங்கி பணம் வந்தவரைக் கேட்கும், அவர் சரி என்றால்தான் திரும்பும். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் வேதகிரி சரி என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு.

"சாயங்கால ஜெபத்துக்குள்ள பணம் வர்லன்னா, அடுத்து கேட்டவருக்குக் குடுத்துருவோம். போன வருசம் ஏலம் எடுத்தவங்கள்ல பாதிப் பேர் இன்னும் கட்டல. அதான் இந்த ரூல்ஸு" என்றார் ஞானதாஸ்.

தமிழ்வாணன் ஒரு கட்டைப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சேவலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தோ பாரு" என்றாள் சுகிர்தா, புருசனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "ராத்திரிக்குக் கலெக்டரு வூட்ல இல்லன்னா, நீயும் வூட்ல இல்ல."

டேனியல் ஸ்டிக்கரில் இருந்த நம்பரை அழைத்தான். "ஹலோ சார், தப்பா உங்க அக்கவுண்டுக்கு ஆயிரத்து எரநூறு வந்துட்டுக்குது, கொஞ்சம் திருப்பி..."

"மோசக்காரா!" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் கட் ஆயிற்று. அடுத்த தடவை மணி அடிக்கவே இல்லை.

வேதகிரியைக் குறை சொல்ல முடியாது. சுற்றுவட்டார ஊர்களில் சைபர் மோசடி விழிப்புணர்வுக் கூட்டம் எங்கே நடந்தாலும் மைக் செட் அவருடையதுதான். ஒரு கூட்டத்துக்குப் போனால் நாம் பாதியை மறந்துவிடுவோம். அதே பேச்சை ஊர் ஊராக, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் எதை மறப்பார்? 'தவறுதலாகப் பணம் அனுப்பிவிட்டேன் என்று யாராவது அழைத்தால் நீங்களாக அனுப்பாதீர்கள், வங்கிக்குப் போகச் சொல்லுங்கள்' என்பது அவருக்கு மனப்பாடம். டேனியல் பேசியதோ, அந்தக் கூட்டத்தில் மோசடிக்காரன் எப்படிப் பேசுவான் என்று நடித்துக் காட்டினார்களே, கிட்டத்தட்ட அதே வசனம்.

ரெண்டு பேரும் டிவிஎஸ்ஸில் மாகறலுக்குப் போனார்கள். பாட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு காதுகுத்து வீடு. பந்தலில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால், கழுத்தில் துண்டும் கையில் மைக்குமாக வேதகிரி.

"அண்ணா, நான்தான் போன் பண்ண டேனியலு."

வேதகிரி பாட்டை நிறுத்தினார். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

"நேர்லயே வந்துட்டான்!" என்று மாகறல் முழுக்கக் கேட்டது. "எல்லாரும் பாத்துக்கங்க. இப்பல்லாம் ஜோடியா வர்றானுங்க."

"மைக்க ஓரமா வையிண்ணா, மானம் போவுது" என்றான் டேனியல். அதுவும் பந்தல் முழுக்கக் கேட்டது.

"வைக்க மாட்டேன். சாட்சி வோணும். இன்னா லிங்க்கு அனுப்பப் போற?"

"லிங்க்கு எதுவும் இல்லண்ணா. காலைல சபைல உங்க ஸ்டிக்கர பாத்து..."

"எதுக்கு அனுப்புன?"

"சேவலுக்கு."

"சேவலு எவ்ளோ?"

"ஆயிரத்து எரநூறு."

"ஆரோட சேவலு?"

டேனியல் தயங்கினான். "எங்க சேவலுதான்."

பந்தலில் இலைக்கு முன்னால் இருந்தவர்கள் கைகழுவாமல் எழுந்து வந்தார்கள்.

"அவனோட சேவல அவனே ஆயிரத்து எரநூறு குடுத்து வாங்குனானாம்!" என்றார் வேதகிரி மைக்கில். "பொய் சொல்றதுன்னாலும் ஒரு இது வோணாம்? அந்தக் கூட்டத்துல போலீஸ்காரரு சொன்ன கதையே இத்த விட நல்லா இருந்துது."

"உண்மைதாண்ணா. எங்க சபையில அப்டித்தான்."

"திருப்பி அனுப்பினா என் அக்கவுண்ட முடக்கிருவானுங்க. அது ஆரு பணமோ! பேங்க்குக்குப் போ. எம் மேல தப்பு இல்ல பாரு, சட்டம் அப்டி."

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் பேஜாரே. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தமிழ்வாணனின் கட்டைப்பை டேனியலின் கண்முன் வந்து வந்து போயிற்று.

அதுவரை பேசாமல் நின்ற சுகிர்தா முன்னால் வந்தாள். "அண்ணா, இன்னிக்கி எங்க சபை உங்களுக்கு எவ்ளோ தரணும்?"

"செட்டு வாடக ஆயிரத்து ஐந்நூறு. சாயங்காலம் தருவாங்க. எதுக்கு?"

"நீங்க எங்களுக்கு ஒண்ணும் அனுப்ப வோணாம்."

வேதகிரியின் கையில் மைக் கொஞ்சம் இறங்கியது. "பின்ன?"

"சாயங்காலம் முந்நூறு மட்டும் வாங்கிக்கங்க. மீதி ஆயிரத்து எரநூறுதான் காலைலயே வந்துருச்சே. சபைக்கு நாங்க தர வேண்டியத, சபை உங்களுக்குத் தர வேண்டியதுல கழிச்சிக்குவாங்க. அவ்ளோதான்."

வேதகிரி விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். "பின் நம்பரு போட வோணாமா?"

"வோணாம்."

"ஓடிபி வருமா?"

"எதுவும் வராது. போன பாக்கெட்டுலயே வச்சிக்கங்க."

"அப்ப இதுல உனுக்கு இன்னா லாபம்?"

"சேவலு."

விழிப்புணர்வுக் கூட்டத்தில் யார் சொன்ன எச்சரிக்கையிலும் இப்படி ஒன்று வரவில்லை. போனைத் தொடச் சொல்லாத ஒரு மோசடி இருக்க முடியுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். இருக்க முடியாது. "சரி, உங்க பொருளாளருக்குப் போனப் போடும்மா" என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். வேதகிரி சொன்னதைக் கேட்டதும் ஞானதாஸ் தொண்டையைக் கனைத்தார்.

"வாடகைல முக்காவாசி வோணாம்னு சொல்ற மைக்செட்டுக்காரரா? அப்டி ஒருத்தர நான் பாத்ததே இல்ல. நீ ஆரு நைனா, உண்மைய சொல்லு. டேனியலு செட்டப் பண்ண ஆளா?"

"யோவ், நான் வேதகிரிய்யா!"

"அத எப்டி நம்புறது? நாங்களும்தான் கூட்டத்துக்கு வந்தோம்."

சுகிர்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். வேதகிரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆள் மாறாட்டக்காரன் என்று தன்னையே ஒருவர் சொல்கிறார்! அவர் மைக்கை எடுத்து, போனை ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு தட்டுத் தட்டி, ஒரு தும்மலை அடக்கி, ஆரம்பித்தார்.

"அல்லோ... அல்லோ... மைக் டெஸ்டிங்... எம்மா, கொயந்தைய இட்டுக்கினு ஓரமா குந்து, ஒயரு கீது."

அந்தக் குரலை இந்தப் பக்கத்தில் கல்யாணம், கருமாதி, திருவிழா எதிலும் கேட்காதவர்கள் கிடையாது.

"வேதகிரியேதான்!" என்றார் ஞானதாஸ் போனில். "முந்நூறு எடுத்து வச்சிருக்கேன். டேனியல சீக்கிரம் வரச் சொல்லு. பிரியாணிக்காரரு சேவலோட கழுத்தத் தடவிக் குடுத்துகினு கீறாரு."

டிவிஎஸ் போன வேகத்துக்கு அது தாங்கியதே பெரிசு. ரெண்டு பேரும் உள்ளே நுழையும்போது போதகர் ஜெபத்துக்கு எழுந்துகொண்டிருந்தார். ஞானதாஸ் சேவலை எடுத்து நீட்டினார். சுகிர்தா கால்கட்டை அவிழ்த்து அதை முந்தானைக்குள் வாங்கிக்கொண்டாள். தமிழ்வாணன் கட்டைப்பையை உதறி, இன்னும் சின்னதாகச் சுருட்டி, மறுபடி கக்கத்தில் வைத்தார்.

கலெக்டர் முந்தானையிலிருந்து தலையை நீட்டி, வேளை கெட்ட வேளையில், வேதகிரியின் மைக்கில் விழுகிற மாதிரி ஒரு கூவல் கூவியது. சபை கைதட்டியது. ஞானதாஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழக்கத்தை மறக்காமல் கேட்டார்:

"இன்னா டேனியலு, மறு ஏலத்துக்குக் குடுக்கிறியா?"

டேனியலின் வலது கை, வருசா வருசம் பழகிய கை, தானாக மேலே எழும்பியது. பாதி தூரம் போனபோது சுகிர்தா திரும்பிப் பார்த்தாள்.

கை அங்கேயே கொஞ்சம் நின்று, பின் தலைக்குப் போய், அரிக்காத இடத்தில் நன்றாகச் சொறிந்தது.