மீனின் நல்ல பக்கம்

"நெஞ்சோட சேத்து அணைச்சுப் பிடிங்க டாக்டர். இந்தப் பக்கத்துக் கண்ணு என்னைப் பாக்கணும்."

ராச்செஸ்டரிலிருந்து வந்த பல் மருத்துவர் நான் சொன்னபடியே பிடித்துக்கொண்டு படகுத் துறையில் நின்றார். சட்டை அழுக்காகாமலிருக்க என் மஞ்சள் மழைக்கோட்டை அவருக்கு மாட்டிவிட்டிருந்தேன். மீனின் நல்ல பக்கம் என்னைப் பார்த்தது, கெட்ட பக்கம் அவர் நெஞ்சில் அமுங்கியிருந்தது. ஒரு படம் எடுத்தேன். பிறகு கையை முழுசாக முன்னால் நீட்டச் சொல்லி இன்னொன்று எடுத்தேன். காசு கொடுத்து மீன் பிடிக்க என் படகில் ஏறும் எல்லோருக்கும் இந்த இரண்டு படம் உண்டு. அணைத்துப் பிடித்தது வீட்டுக்கு. நீட்டிப் பிடித்தது எங்கள் ஊர் தீயணைப்புக் கூடத்தின் பின்சுவருக்கு. கையை நீட்டினால் மூன்று கிலோ மீன் ஐந்து கிலோவாகத் தெரியும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, இந்த ஏரியில் எல்லாரும் செய்வதுதான்.

"ஏன் கேப்டன், தலை இவ்வளவு பெருசு, உடம்பு குச்சியா இருக்கு?" என்றார் டாக்டர்.

"இப்பதானே பனி உருகியிருக்கு. போகப் போகத் தேறிடும்."

பொய். எங்கள் ஏரியின் டிரவுட் மீன்கள் தேறி மூன்று வருடமாகிறது. அவை தின்று கொழுத்துக்கொண்டிருந்த சின்ன வெள்ளி மீன்கள் முன்பெல்லாம் படகிலுள்ள மீன் காட்டும் கருவியின் திரையில் மேகம் கவிந்ததுபோலத் தெரியும். இப்போது காலையெல்லாம் சுற்றினாலும் நாலைந்து புள்ளிதான். வயிறு காய்ந்த மீன்மேல் உறிஞ்சி வேறு வந்து ஒட்டிக்கொள்கிறது. லாம்ப்ரே என்று படித்தவர்கள் சொல்வதைத்தான் நாங்கள் உறிஞ்சி என்போம். பாம்பு மாதிரி உடம்பு, தாடை கிடையாது, வட்டமான வாய் நிறையப் பல். ஒட்டினால் வாரக்கணக்கில் ரத்தம் குடிக்கும். கொழுத்த மீனாக இருந்தால் தப்பித்தாலும் தப்பிக்கும். பட்டினி மீன் எங்கே தாங்கப்போகிறது. அடியில் போய்ச் சாகும், நம் கண்ணிலும் படாது.

டாக்டர் போன பிறகு மழைக்கோட்டின் நெஞ்சில் இருந்த வட்டமான ரத்தக்கறையைக் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். பிறகு என் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பிடித்த மீன் ஆறு, காயம் பூஜ்யம் என்று எழுதினேன்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாநில மீன்வள அலுவலகம் எங்களில் சிலருக்கு அதைக் கொடுத்திருக்கிறது. படகுக்கு வந்த ஒவ்வொரு மீனையும் இருபுறமும் திருப்பிப் பார்த்து உறிஞ்சிக் காயம் எத்தனை என்று எழுத வேண்டும். சம்பளம் கிடையாது, கௌரவம்தான். உறிஞ்சிக் குஞ்சுகள் ஓடைச் சேற்றில் சில வருடம் புதைந்து கிடந்துதான் ஏரிக்கு வரும். எந்த வருடம் ஓடையில் மருந்து ஊற்றி அவற்றை அழிப்பது என்பதை எங்கள் புத்தகங்களையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பன்னிரண்டு வருடம் நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். பிறகு ஒரு நாள் சிரக்கியூஸிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கண்முன்னால் மீனோடு சேர்ந்து உறிஞ்சியும் நெளிந்துகொண்டு படகில் ஏறியது. பாம்பு ஏரி என்று இணையத்தில் எழுதிப்போட்டார்கள். அந்தக் கோடை முழுக்க என் போன் அடிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என்னைப் பார்க்கிற பக்கத்தை மட்டும் எழுதுவது. பார்க்காத பக்கத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? இதை இன்னும் மூன்று கேப்டன்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஏரியின் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்றேன். அவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

புத்தகம் எழுதுகிற டெல்மர் குயிக்கிடம் மட்டும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, உறைந்த ஏரியில் ஒரே துளையில் தூண்டில் போட்டவர்கள். ஆனாலும் சொல்லவில்லை. சொன்னால் முகத்துக்கு நேரே என்ன கேட்பான் என்று தெரியும். போன வருடம் ஒரு கண்ணாடிச் சாடியில் உறிஞ்சியைப் போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "ஒரே மீன்ல மூணு இருந்துச்சுடா. உனக்கு ஒண்ணுகூடவா வரலை?" என்றான். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். "யாருடா இது, உன் பழைய சிநேகிதியா? நல்லா முத்தம் குடுப்பா போலிருக்கே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சாடியை மூடி எடுத்துக்கொண்டு போனான்.

மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை மதியம் தீயணைப்புக் கூடத்தில் ஏரி மீன்பிடிப்பவர்களின் ஆண்டுக் கூட்டம். வழக்கம்போலக் கூடத்துக்கு வெளியே கோழி சுடுகிற வேலை டெல்மருடையது. உள்ளே மீன்வள அலுவலகத்திலிருந்து வந்த பெத்தனி கொன்க்லின் என்ற பெண் திரையில் ஒரு வரைபடக் கோட்டைக் காட்டினாள். காயங்களின் கோடு. மூன்று வருடமாக இறங்கிக்கொண்டே போயிருந்தது. எனவே உறிஞ்சிக் குஞ்சுகள் வளர்கிற டெக்கர் ஓடைக்கு மருந்து ஊற்றுவதை இன்னும் இரண்டு வருடம் தள்ளிவைக்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னாள். மீன்கள் மெலிவதற்கு இரை குறைந்ததுதான் காரணமாக இருக்க வேண்டுமாம்.

"ஒரே ஒரு புத்தகம் மட்டும் மத்த எல்லாத்தோடயும் ஒத்துவரலை. எண்ணினதுல ஏதோ தவறு நடந்திருக்கலாம்னு அதை ஒதுக்கி வச்சுட்டோம்" என்றாள் தன்மையாக. யார் புத்தகம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"டெல்மர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டிருக்கணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். பழக்கத்தில் வந்துவிட்ட சிரிப்பு, பாதியில் நிறுத்த முடியவில்லை. அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே பதினைந்து வருடம் தவறாமல் புத்தகம் எழுதியவர் என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்னால் போனேன். வெள்ளி நூலில் மீன் தைத்த ஒரு தொப்பியைப் பெத்தனி தன் கையாலேயே என் தலையில் வைத்தாள். கைதட்டினார்கள். எனக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. இரண்டு வருடம் தள்ளிப்போனால் இந்த ஏரியில் படம் எடுக்க ஒரு பக்கம்கூட மிச்சமிருக்காது என்பது அந்தக் கூடத்தில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

வெளியே வந்தேன். டெல்மர் புகைக்குள் நின்று கோழிகளுக்கு வினிகர்க் காடி பூசிக்கொண்டிருந்தான். ஐம்பது கோழி கிடக்கிற அந்தக் கம்பித் தட்டை ஒருவரால் திருப்ப முடியாது. நான் வந்ததைப் பார்த்து ஒரு முனையைப் பிடித்தான். மறு முனையை நான் பிடித்தேன். தூக்கித் திருப்பிப் போட்டோம்.

"தொப்பி நல்லாருக்கு" என்றான்.

"உன் புத்தகத்தை ஒதுக்கிட்டாங்க, டெல்மர்."

"கேட்டுச்சு. மைக்ல பேசறது இங்க வரைக்கும் கேக்குது." மறுபடி காடியில் துணிக்குச்சியை முக்கினான். "நீ சிரிச்சதும் கேட்டுச்சு."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"உன் படத்தை எல்லாம் நீ பாத்ததே இல்லையா, ராய்ஸ்? இத்தனை வருஷமா செவுத்துல குத்தி வச்சிருக்கே. போய்ப் பாரு. மீனைப் பாக்காதே, மழைக்கோட்டைப் பாரு."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லாம இருந்தே?"

"யாரு சொன்னா சொல்லலேன்னு? மூணு வருஷமா எழுதி எழுதிச் சொன்னேன். அதைத்தான் ஒதுக்கி வச்சுட்டாங்களே." கோழிகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எங்கிட்ட வந்து நிக்காதே. அந்தப் பொண்ணு கிளம்பிடப்போறா."

உள்ளே போய்ப் பின்சுவர் முன்னால் நின்றேன். படத்தில் டாக்டர் இருந்தார், கையை நீட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. மீன் பெரிதாகத்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால், மஞ்சள் கோட்டின் நெஞ்சில், அணைத்த இடத்தில், காசளவுக்குச் சிவப்பு வட்டம். பக்கத்துப் படத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, வட்டம் ஒன்று. அதற்கடுத்து புதுமணத் தம்பதி, மாப்பிள்ளையின் கோட்டில் இரண்டு. என் மழைக்கோட்டுதான் எல்லாவற்றிலும். ஒவ்வொரு நாளும் நான்தான் கழுவினேன், கழுவுவதற்கு முன்னால் படமும் நான்தான் எடுத்தேன். ஊர் முழுக்க இதன் கீழே உட்கார்ந்து கோழி தின்றிருக்கிறது. டெல்மர் ஒருவன்தான் பார்த்திருக்கிறான்.

பேசாமல் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றவில்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய். வண்டிச் சாவியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் தலையில் தொப்பி இருந்தது.

பெத்தனி திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றி அவள் பெட்டிமேல் வைத்தேன்.

"என் புத்தகத்தை ஒதுக்குங்கம்மா. நான் ஒரு பக்கத்தை மட்டும்தான் எழுதினேன். இன்னும் மூணு பேருக்கு அப்படி எழுதச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். டெல்மர் எழுதினது சரி."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒத்துக்கறது சரி, மிஸ்டர் ஹாலன்பெக். ஆனா எண்ணிக்கை எங்க? வெறும் பேச்சை வச்சு நான் மருந்து கேக்க முடியாது" என்றாள்.

சுவரிடம் கூட்டிக்கொண்டு போய்ப் படத்தில் டாக்டரின் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு மேல் வரிசைக்கு ஏறினாள். பையிலிருந்து ஒரு புதுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நான் சொல்றேன். நீங்க எழுதுங்க."

"ஒண்ணு" என்றாள். எழுதினேன். "ஒண்ணு. அடுத்தது இல்லை. ரெண்டு. இதுல ஓரத்துல பாதி தெரியுது, ஒண்ணுன்னே போடுங்க." அவள் குரல் பெரிதில்லை. ஆனால் கூடத்தில் தட்டுச் சத்தம் ஒவ்வொரு மேசையாக நின்றுகொண்டு வந்தது. நான் சொல்லிக்கொடுத்த கேப்டன்களில் ஒருவன் எழுந்து கதவுப் பக்கம் போனான். கறி கருகுகிற வாடை அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். டெல்மர் வாசலில் நின்றுகொண்டிருந்தான், கையில் காடி சொட்டுகிற குச்சியோடு. அடுப்பைப் பார்க்கவில்லை. அவள் அடுத்த எண்ணைச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.