கத்தரிக்கோல் போன இடம்

காலையிலேயே தையல்காரர் விசிலடித்தார். அடுப்படியில் நின்ற அவர் மனைவிக்குப் பகீரென்றது.

மற்ற வீடுகளில் புருஷன் விசிலடித்தால் பெண்டாட்டி சந்தோஷப்படுவாள். இவள் பாவம், எங்கே சந்தோஷப்படுவது? போன வருஷமும் விசிலில்தான் ஆரம்பித்தது. பிறகு தூக்கம் போயிற்று, வாய் ஓயாமல் பேச்சு, கடைசியில் வாடிக்கைக்காரர்கள் கொடுத்த துணியையெல்லாம் புது மாதிரி சட்டை என்று கண்டபடி வெட்டித் தள்ளிவிட்டார். அப்புறம் படுக்கையை விட்டே எழவில்லை. டாக்டர் அதற்கு பைபோலார் என்று பெயர் சொன்னார். "மனசுல லிஃப்ட் ரிப்பேரு. போனா மொட்டை மாடி, இல்லாட்டி பாதாளம்," என்று இந்த மனிதர் அதிலும் ஜோக்கடித்தார்.

மாத்திரை ஒழுங்காகத்தான் போகிறது. இருந்தாலும் நம்ப முடிகிறதா? கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். சத்தமாகச் சிரித்தால் சந்தேகம். பேசாமல் உட்கார்ந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம்.

அன்று அவர் குளிக்கப் போனதும், முன்னறைத் தையல் மேசையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். வேறு யாரும் தொடக்கூடாத சாமான் அது. அதில் காகிதம் வெட்டினால்கூட வீடு ரெண்டாகும். கம்பளிக்குள் சுருட்டி அலமாரி அடியில் திணித்தாள். இனி எதை வெட்டுவார், பார்க்கலாம்!

அவர் வந்து மேசையைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கேட்டால் ஏதாவது புளுகிக்கொள்ளலாம் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவே இல்லை. விசில் மட்டும் நின்றுபோயிற்று.

மறுநாளும் கேட்கவில்லை. அவள் அந்தப் பக்கம் போனால், தேடுவதை நிறுத்திவிட்டு நூல்கண்டை உருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எதையோ மறைக்கிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அதற்கடுத்த நாள் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர், மகனின் கல்யாணக் கோட்டுக்குத் துணி கொண்டுவந்தார்.

"வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க டீச்சர்," என்றார் தையல்காரர்.

"என்னங்க இது? உங்க கைய நம்பித்தானே வந்தேன்?"

"எனக்கே நம்பிக்கை இல்லீங்க."

டீச்சர் முகம் சுண்டிப்போய்ப் படியிறங்கினார். இவர் செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று மனைவி வழிமறித்தாள்.

"டாக்டர்கிட்ட. மாத்திரையைக் கூட்டச் சொல்லணும்."

"ஏன், என்ன பண்ணுது?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கத்தரிக்கோலை எங்கயோ வெச்சுட்டேன். எங்கன்னு சுத்தமா ஞாபகம் இல்ல. அதை வெச்சு யார் துணியை வெட்டினேனோ, அதுவும் தெரியல. மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. நீ பயந்துடுவியேன்னுதான் சொல்லல."

அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். கம்பளியைக் கொண்டுவந்து அவர் முன்னால் உதறினாள்.

"நான்தாங்க ஒளிச்சேன். விசிலடிச்சீங்களே, பயந்துட்டேன்."

அவர் கத்தரிக்கோலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"அப்போ... நான் நல்லாத்தான் இருக்கேனா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, வலிக்கவும் வலித்தது.

"பயமா இருந்தா என் மூஞ்சிக்கு நேரா கேளு," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கத்தரிக்கோலை நானே எடுத்து உன் கையில குடுத்துடறேன். இப்படி ஒளிச்சு வெச்சா என் புத்தியை நான் எங்க போய்த் தேடுவேன்?"

பிறகு வாசலுக்கு ஓடி, "டீச்சர்! டீச்சர்! துணியைக் குடுத்துட்டுப் போங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். திரும்பி வந்து சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் அதிகமோ? இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டாள்.

"ராத்திரி நல்லா தூங்கினீங்களா?"

"தூங்கினேனே. நீ?"

அவள்தான் பல நாளாகத் தூங்கவில்லை.